செயலாளரின் ஆண்டறிக்கை: எடைக் கணக்கும் அதன் திருத்தங்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, கோத்தகிரி சுற்றுவட்டாரத்திலிருந்து வந்திருக்கும் சிறு தேயிலை விவசாயிகளே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. காட்டெருமை நடமாட்டம் பற்றி வனத்துறைக்கும், பசுந்தேயிலைக்குக் கட்டுபடியாகும் விலை கேட்டு மாவட்ட நிர்வாகத்துக்கும் மனு கொடுத்தோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் விரிவாகப் பேச வேண்டியது எடைக் கணக்கு.

இலை எடை போட்டதும் பொறுப்பாளர்கள் போனிலேயே கூகுள் ஷீட்ஸ் என்ற இணையக் கணக்கேட்டில் பதிகிறார்கள். தேயிலை வாரியம் மாதச் சராசரி விலையை அறிவித்த பிறகே முழுப் பட்டுவாடா என்பதால், தவறு தெரியவரும்போது வாரங்கள் ஓடிவிடுகின்றன.

ஆடி மாதம் ஓர் உறுப்பினர் எடைச் சீட்டோடு வந்தார். சீட்டில் 84 கிலோ, ஷீட்டில் 48. கம்ப்யூட்டரில் அந்தக் கட்டத்தை ரைட் கிளிக் செய்து திருத்த வரலாற்றைத் திறந்தோம். முதலில் 84 என்றே பதிவாகி, அன்று மாலை இன்னொரு பொறுப்பாளரின் கணக்கிலிருந்து 48 ஆகியிருந்தது. பக்கத்து வரிசைக்குரிய எடை இவர் வரிசையில் விழுந்திருக்கிறது. உடனே சரிசெய்தோம். சீட்டைப் பத்திரமாக வைத்திருந்த அவரை மனமாரப் பாராட்டுகிறேன்.

இன்னொரு புகார் அவ்வளவு லேசில் தீரவில்லை. ஒருவரின் வரிசையே காணோம். வரிசையை நீக்கியதையோ, ஃபார்முலாவால் வந்த மாற்றத்தையோ கட்டத்தின் வரலாறு காட்டாது. முழு ஷீட்டின் பதிப்பு வரலாற்றுக்குத்தான், அதாவது ஷீட் அவ்வப்போது இருந்த நிலைகளின் பட்டியலுக்குத்தான், போக வேண்டும். அங்கே பெயரையோ எண்ணையோ கொடுத்துத் தேட வழியில்லை. ஒவ்வொரு பதிப்பாகத் திறந்து கண்ணால்தான் பார்க்க வேண்டும். மாத நடுவில் பதிவான ஒரு பதிப்பைத் திறந்தோம். பெயர் இருந்தால் நீக்கியது அதற்குப் பின், இல்லையென்றால் அதற்கு முன். இப்படிப் பாதிப் பாதியாகக் குறுக்கிக்கொண்டே போனதில் நாள் பிடிபட்டது. எல்லாப் பொறுப்பாளர்களும் இந்த முறையைப் பழகிக்கொள்ள வேண்டும். பழைய பதிப்பு கிடைத்துவிட்டதென்று மீட்டெடுக்கும் பொத்தானை அழுத்தக் கூடாது. ஷீட் முழுவதும் அந்த நாளுக்குத் திரும்பிவிடும், பிறகு பதிந்த எல்லோருடைய எடையும் கணக்கிலிருந்து மறைந்துவிடும். நாங்கள் அந்த ஒரு வரிசையை மட்டும் நகலெடுத்து ஒட்டினோம்.

எக்செலுக்கு மாறலாமே என்று சிலர் கேட்டீர்கள். அதிலும் மாற்றங்களைக் காட்டும் வசதி உண்டு, ஆனால் 60 நாள் வரைதான். ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது வரும் கேள்விகளுக்கு அது போதாது.

ஆகவே ஷீட்டிலேயே ‘திருத்தங்கள்’ என்று ஒரு தாள் சேர்த்திருக்கிறோம். எடையை யாராவது மாற்றினால் உறுப்பினர் எண், பழைய எடை, புதிய எடை, நேரம் நான்கும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் (தானாக இயங்கும் நிரல்) வழியாக அதில் ஏறும். உறுப்பினர் எண்ணைப் போட்டு இங்கே தேடலாம். பல கட்டங்களை மொத்தமாக ஒட்டினால் பழைய எடை கிடைக்காது. தயவுசெய்து ஒவ்வொன்றாகத் திருத்துங்கள். திருத்தியவர் பெயர் எப்போதும் தானாக வராது என்பதால், பெயரையும் காரணத்தையும் கையால் எழுத வேண்டும். சங்கத்தின் ஒரே கணக்கில் எல்லோரும் நுழையும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். அப்படி நுழைந்தால் வரலாறு ஒரே பெயரைத்தான் காட்டும்.

பட்டுவாடா முடிந்ததும் அந்த மாதப் பதிப்புக்குப் பெயரிட்டு வைக்கிறோம். ஒரு ஷீட்டில் 15 பதிப்புகளுக்குத்தான் பெயரிட முடியும், ஆண்டுக்கு ஒரு ஷீட் என்றால் தாராளம். ஆனால் நகலெடுத்துப் புது ஷீட் தொடங்கும்போது பழைய வரலாறு கூட வராது. பழைய ஷீட்டை எந்தக் காரணத்துக்காகவும் அழிக்கக் கூடாது.

பார்க்க மட்டும் அனுமதி உள்ளவர்களுக்கு வரலாறு தெரியாது. நம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் அப்படித்தான். மழையிலும் பனியிலும் இலை பறித்துக் கொடுத்தவருக்குத் தன் எடை யார் கையால், எப்போது மாறியது என்று பார்க்க உரிமை உண்டு. எந்த உறுப்பினர் சீட்டோடு வந்து கேட்டாலும் அவர் வரிசையின் வரலாற்றை அலுவலகத்தில் திறந்து காட்ட வேண்டும் என்ற தீர்மானத்தை இந்தப் பொதுக்குழுவின் முன் வைத்து, ஒப்புதல் கோருகிறேன்.

நன்றி.

செயலாளர்