அரக்கும் பச்சையும் அருகருகே

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். நீயும் மருமகளும் நலம் என்பதை நேற்றுப் பேசியபோதே அறிந்துகொண்டதால் அதைத் திரும்பக் கேட்கவில்லை. பிறக்கப்போகும் குழந்தைக்கென்று நீ தைத்துவரும் ஒட்டுப்போர்வையின் படத்தை அனுப்பி, துணி ஒவ்வொன்றும் தனித்தனியே அழகாக இருந்தும் சேர்த்துத் தைத்தபின் எல்லாம் ஏன் மங்கிக் குழம்பித் தெரிகிறது என்று கேட்டிருந்தாய். 31 ஆண்டுகள் தையல் ஆசிரியையாக இருந்தவளிடம் அவள் பெற்ற பிள்ளை இப்போதுதான் முதன்முதலாக ஒரு தையல் சந்தேகம் கேட்கிறான். ஆகையால் இதை ஒரு பக்கத்தில் முடித்துவிடுவேன் என்று எதிர்பார்க்காதே.

உன் படத்தைக் கைப்பேசியிலேயே கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். நீ தைத்து முடித்திருக்கும் எட்டுக் கட்டங்களில் ஆறு, ஒரே சாம்பல் பலகையாக மாறிவிட்டன. அரக்குப் பட்டி எங்கே முடிகிறது, ராமர் பச்சை எங்கே தொடங்குகிறது என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டும் எனக்குத் தெரியவில்லை. மீதி இரண்டு கட்டங்களில் மட்டும் சந்தன நிறமும் மாம்பழ மஞ்சளும் ஒரு பக்கமாகச் சேர்ந்துகொண்டதால், கட்டம் குறுக்கே இரண்டாகப் பிளந்து தெரிந்தது. நீ வேண்டுமென்று அப்படிச் செய்யவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த இரண்டும்தான் சரியாக வந்திருக்கின்றன.

நீ தேர்ந்தெடுத்திருக்கும் லாக் கேபின், அதாவது மரக்கட்டை வீடு என்னும் அமைப்பு, பார்ப்பதற்கு எளிமையானது. ஆனால் அடர்நிறமும் வெளிர்நிறமும் பிரியாவிட்டால் அதில் ஒன்றுமே இல்லை. நடுவில் ஒரு சிறு சதுரம், பழைய வழக்கப்படி அடுப்பைக் குறிக்கும் சிவப்பு. அதைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பட்டிகளில், அடுத்தடுத்த இரு பக்கங்கள் வெளிர்நிறமாகவும் எதிரிலுள்ள இரு பக்கங்கள் அடர்நிறமாகவும் இருக்க வேண்டும். அப்படித் தைத்த ஒவ்வொரு கட்டமும் பாதி பகலும் பாதி இரவுமாக மூலைக்கு மூலை பிரிந்து நிற்கும். கட்டங்களைத் திருப்பித் திருப்பி வைப்பதில்தான் மற்ற வேலை முழுவதும் இருக்கிறது. நான்கு கட்டங்களின் வெளிர்ப்பக்கங்களை உட்புறமாகச் சேர்த்தால் நடுவில் ஒளியுள்ள ஒரு வைரம் தோன்றும். நீ தைக்கப்போகும் மொத்தம் 16 கட்டங்களையும் அந்த வைரத்தைச் சுற்றி அடுக்கினால், பார்ன் ரைசிங் (களஞ்சியம் எழுப்புதல்) என்று நீ இருக்கும் அமெரிக்காவில் சொல்லும் அமைப்பு வரும். எல்லாவற்றையும் ஒரே திசையில் சரிவாக வைத்தால் உழுத வயலின் சால்போல ஓடும். இவ்வளவுக்கும் துணி ஒன்றே, தையல் ஒன்றே. உன் கட்டங்களை எப்படித் திருப்பினாலும் எதுவும் மாறவில்லை என்று சொன்னாயே, அவற்றில் அடரும் வெளிரும் பிரியாததுதான் அதற்குக் காரணம்.

இந்தப் பிழை உனக்கு எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். நம் வீட்டுப் பீரோவிலிருந்து வந்தது. நம் கண்ணுக்குப் பொருத்தம் என்றால் காஞ்சிபுரம் சேலையின் உடலும் கரையும்தான். அரக்குக்குப் பச்சைக் கரை, எம்.எஸ். நீலத்துக்கு மிளகாய்ச் சிவப்புக் கரை என்று, நிறத்தின் பெயர் எவ்வளவு தூரம் விலகியிருக்கிறதோ அவ்வளவு எடுப்பு என்று பழகிவிட்டோம். ஆனால் அரக்கும் பச்சையும் அடர்த்தியில் ஏறக்குறைய அண்ணன் தம்பிகள். உடலுக்கும் இரு கரைகளுக்கும் தனித்தனியாக மூன்று தறிநாடாக்கள் ஓட்டி, கோர்வை முறையில் நெய்த சேலையில் அவை பிரிந்து நிற்பதற்குக் காரணம், கரையில் ஓடும் சரிகையும் பட்டின் மினுமினுப்பும் இரண்டுக்கும் நடுவில் வெளிச்சத்தைக் கொண்டுவந்து வைப்பதுதான். நீ வாங்கியிருப்பது பருத்தி. அதில் சரிகையும் இல்லை, மினுமினுப்பும் இல்லை. சரிகை செய்யும் வேலையைச் சந்தன நிறமோ தந்த நிறமோதான் செய்தாக வேண்டும்.

ஆகையால் தைத்ததைப் பிரிப்பதற்கு முன், கையிலுள்ள துணிகள் எல்லாவற்றிலிருந்தும் ஒரு விரல் நீளத் துண்டு வெட்டிக் கட்டிலின்மேல் வரிசையாக வை. விளக்கைப் போடாமல், பொழுது சாயும் நேரத்தில், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார். நிறங்கள் தங்கள் பெயரை இழந்து, இருட்டும் வெளிச்சமும் மட்டும் மிஞ்சும். அப்போது சில துணிகள் உன்னை ஏமாற்றியிருப்பது தெரியும். மிளகாய்ச் சிவப்பு பளிச்சென்று இருக்கிறது, ஆனால் வெளிர்நிறமன்று. பளிச்சென்பதும் வெளிர் என்பதும் வேறு வேறு என்பதை மாணவிகளுக்குப் புரியவைக்கவே எனக்கு ஒரு பருவம் ஆகும். நான் கொடுத்தனுப்பிய சுங்குடித் துண்டும் அப்படித்தான். நிறம் கருநீலம் என்பதால் அதை அடர்ப்பக்கத்தில் வைத்துவிட்டாய். ஆனால் முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் ஏறாமல் நின்ற வெள்ளைப் புள்ளிகள் அவ்வளவு நெருக்கமாக இருக்கும்போது, நான்கடி தள்ளி நின்றால் அது இடைநிறம்தான்.

இந்த இடைநிறங்களைக் கண்டு பயப்படாதே. அவை எந்தப் பக்கம் சேரும் என்பதை அவற்றின் அயலார்தான் தீர்மானிக்கிறார்கள். வாடாமல்லியைச் சந்தனத்தின் பக்கத்தில் வைத்தால் இருட்டு. கருநீலத்தின் பக்கத்தில் வைத்தால் விளக்கேற்றியதுபோல் இருக்கும். பாரிஸில் கோபலின் என்னும் புகழ்பெற்ற திரைச்சீலை நெசவுக்கூடத்தில், நீலத்தின் அருகே நெய்த கறுப்பு நூல் போதிய கறுப்பாக இல்லை என்று புகார் எழுந்ததாம். சாயப்பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்த ஷெவ்ரல் என்னும் வேதியியலர் ஆராய்ந்து பார்த்து, சாயத்தில் குறையில்லை, பக்கத்திலிருக்கும் நிறம்தான் கறுப்பை வெளுத்துக் காட்டுகிறது என்று கண்டறிந்து, 1839இல் அதைப் பெரிய நூலாகவே எழுதினார். நம் ஊர் ஜவுளிக்கடைக்காரர், சேலையைத் தனியாகக் காட்டாமல் இன்னொரு சேலையின்மேல் விரித்துக் காட்டுவதும் இதே கணக்கில்தான்.

உன் வீட்டிலிருந்து பென்சில்வேனியாவின் லாங்காஸ்டர் காரில் போகும் தொலைவுதான் என்கிறாய். ஒரு விடுமுறை நாளில் மருமகளையும் அழைத்துக்கொண்டு போய், எளிய பழைய வாழ்க்கை முறையைக் கைவிடாத கிறித்தவச் சமூகத்தாரான ஆமிஷ் மக்களின் பழைய போர்வைகளைப் பார்த்துவிட்டு வா. பூப்போட்ட துணியே இல்லாமல், வெறும் ஒற்றை நிறத் துணிகளைச் சிறு சதுரங்களாக வெட்டி, நடுவிலிருந்து வைர வரிசைகளாக, இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கும் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கும் அலை அலையாக விரியும்படி தைப்பார்கள். அந்த அமைப்புக்கு அவர்கள் வைத்த பெயர் ‘வெயிலும் நிழலும்’ என்று பொருள்படும். அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் ஊரின் கறுப்பினப் பெண்கள் தைத்தவையோ எனக்கு இன்னும் பிடித்தவை. 2002இல் ஹூஸ்டனில் கண்காட்சியாக வைத்து உலகமே பார்த்த அந்தப் போர்வைகளில், வயலில் உழைத்து வெளுத்த காற்சட்டைகளிலிருந்து பையைப் பிரித்தெடுத்த இடம், வெயில் படாததால் ஆழ்ந்த நீலமாகவே நிற்கும். அடரும் வெளிரும் ஒரே துணியிலேயே கிடைத்துவிட்டன; கடைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. உன்னைப்போல் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிக் குவிக்கவும் இல்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இனி என் தவறு ஒன்று. நீ பிறந்தபோது, ஆச்சியின் அரக்கு நிறச் சேலையையும் அப்பாவின் வெள்ளை வேட்டியையும் வெட்டி, உனக்கு ஒரு சிறு போர்வை தைத்தேன். கல்லுப்பில் ஒரு இரவு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று எல்லோரும் சொன்னதை நானும் நம்பி அப்படியே செய்தேன், நிற்கவில்லை. முதல் சலவையிலேயே வெள்ளை முழுவதும் ரோஜா நிறமாகி, வேறுபாடு என்று நான் பார்த்துப் பார்த்து வைத்தது அவ்வளவும் போய்விட்டது. நீ அதில்தான் ஒன்றரை வயது வரை தூங்கினாய் என்பது வேறு. எனவே சிவப்பு, அரக்கு, கருநீலம் மூன்றையும் வெட்டுவதற்கு முன்பே தனித்தனியாகத் துவை. பிறகு ஈரமாக இருக்கும்போதே ஒரு வெள்ளைக் கைக்குட்டையை அதன்மேல் வைத்து அழுத்து. கைக்குட்டையில் கறை ஏறினால் மறுபடியும் துவை. நான்கு முறைக்குப் பிறகும் ஏறுமானால் அந்தத் துணியை இந்தப் போர்வையில் சேர்க்காதே.

தைத்தபின் உட்புறத்தில் நிற்கும் கால் அங்குல ஓரத்தை எப்போதும் அடர்நிறப் பக்கமாகச் சாய்த்துப் பெட்டி போடு. வெளிர்ப்பக்கம் சாய்த்தால் அடர்நிற ஓரம் மெல்லிய துணியின் ஊடாக அழுக்குக் கோடுபோல் தெரியும். உன் இரண்டாவது கட்டத்தின் இடது ஓரத்தில் இப்போதே தெரிகிறது. நூலுக்கு வெள்ளையும் வேண்டாம், கறுப்பும் வேண்டாம். நடுத்தரச் சாம்பல் நிற நூல் இரண்டு பக்கத்திலும் மறைந்துவிடும். பளீர் வெள்ளைத் துணியையும் குறைத்துக்கொள். அது மற்ற எல்லா வெளிர்நிறங்களையும் பழையதாகக் காட்டிவிட்டுத் தான் மட்டும் முன்னே வந்து நிற்கும். அந்தச் சாம்பல் பலகையான ஆறு கட்டங்களையும் முழுவதுமாகப் பிரிக்கத் தேவையில்லை. வெளிப்புறச் சுற்றில் இரண்டு பக்கம் மட்டும் பிரித்து வெளிர்ப்பட்டிகளை வைத்துத் தைத்தால் பெருமளவு மீண்டுவிடும்.

அதற்காகவே, அப்பாவின் பழைய வேட்டிகள் இரண்டையும் என் சந்தன நிறக் கைத்தறிச் சேலையில் பாதியையும் மூன்று முறை துவைத்துப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன். வேட்டி நாளாகித் தந்த நிறத்துக்கு வந்துவிட்டது. கடையில் தேடினால் அந்த நிறம் கிடைக்காது. கரையை வெட்டியெறியாமல் தனியே எடுத்துவை, ஓரம் கட்ட உதவும். பொட்டலம் வந்து, புதிய பட்டிகளை வைத்து, மீதிக் கட்டங்களையும் தைத்ததும் 16 கட்டங்களையும் தரையில் பரப்பிப் படம் எடுத்து அனுப்பு. முதலில் கறுப்பு வெள்ளைப் படத்தை அனுப்பு. நிறத்தோடு எடுத்ததை நான் அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா