கிறிஸ்துமஸ் பார்ட்டிக்குச் சீட்டு தனி: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆவணி முகூர்த்தங்கள் முடிவதற்குள்ளேயே டிசம்பர் பயணத்துக்குப் போன் வர ஆரம்பித்துவிட்டது. மகன் டல்லாஸில், மகள் நியூஜெர்சியில், பேரப்பிள்ளைகளுக்கு லீவு, எல்லோருமாகச் சேர்ந்து ஃபுளோரிடா போகிறோம், அங்கே டிஸ்னி பொழுதுபோக்குப் பூங்காவில் கிறிஸ்துமஸ் பார்ட்டி நடக்குமாமே, அதையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள் என்கிறீர்கள். தாராளமாகப் போட்டுவிடலாம். அதற்கு முன் அது என்ன, எதற்குத் தனியாகக் காசு என்பதை எழுதியே கொடுத்துவிடுகிறேன். போனில் பாதி சொல்லிப் பாதி விட்டதில்தான் போன வருஷம் எங்கள் கையாலேயே ஒரு தவறு நடந்தது.

பள்ளத்தூரிலிருந்து ஒரு குடும்பம், ஆறு பேர். நாங்கள் கொடுத்த பயணத் திட்டத்தில் 'மேஜிக் கிங்டம், கிறிஸ்துமஸ் பார்ட்டி' என்று ஒரே வரியில் எழுதியிருந்தோம். மேஜிக் கிங்டம் என்பது டிஸ்னியின் பூங்காக்களில் ஒன்று. வாங்கிக் கொடுத்ததோ பகல் சீட்டு மட்டும். அவர்கள் காலையிலேயே உள்ளே போய், சுற்றிப் பார்த்து, சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் பூங்கா நடுவில் இருக்கும் கோட்டைக்கு எதிரே நல்ல இடமாகப் பிடித்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆறு மணிக்கு ஊழியர் ஒருவர் வந்து கையைக் காட்டச் சொல்லியிருக்கிறார். ஆச்சி உள்ளங்கையை நீட்டியிருக்கிறார். அவர் பார்க்க வந்தது ரேகையை அல்ல, மணிக்கட்டில் கட்டும் பட்டையை. பார்ட்டிச் சீட்டு வாங்கியவர்களுக்கு மட்டும்தான் அந்தப் பட்டை. மற்றவர்கள் கிளம்பிவிட வேண்டும்.

அங்கே மாலை ஆறு என்றால் நமக்கு விடிகாலை நாலரை. போன் அடித்ததும் எழுந்து உட்கார்ந்து பார்த்தேன், அன்றைய பார்ட்டிக்குச் சீட்டு தீர்ந்திருந்தது. நல்ல முறையில்தான் வெளியே அனுப்பினார்கள், அவர்கள் மேல் குறை இல்லை. தவறு எங்களுடையது. சீட்டுப் பணத்தையும் எங்கள் கூலியையும் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அந்த ஆச்சி இப்போதும் கடைக்கு வந்தால் உட்காருவதற்கு முன் உள்ளங்கையை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் உட்காருவார். எனக்கு அது வேண்டியதுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஃபுளோரிடாவில் ஆர்லாண்டோவுக்குப் பக்கத்தில் இருப்பது வால்ட் டிஸ்னி வேர்ல்ட். அதற்குள் நான்கு பெரிய பூங்காக்கள். 1971-ல் முதலில் திறந்தது மேஜிக் கிங்டம், நடுவில் சிண்டரெல்லா கோட்டை இருக்கிறதே, அதுதான். 'மிக்கீஸ் வெரி மெர்ரி கிறிஸ்துமஸ் பார்ட்டி' என்று 1983-லிருந்து நடப்பது இந்த ஒரு பூங்காவில்தான். இரவு 7 மணிக்குத் தொடங்கி நள்ளிரவு 12 வரை. எல்லா நாளும் கிடையாது, வாரத்தில் சில இரவுகள் மட்டும். அந்த நாட்களில் பகல் சீட்டுக்காரர்களை மாலை ஆறு மணி வாக்கில் அனுப்பிவிட்டு, பட்டை கட்டியவர்களை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள்.

இதில் பலருக்கும் தெரியாத ஒன்று, பார்ட்டிச் சீட்டு வைத்திருந்தால் மாலை 4 மணிக்கே உள்ளே விட்டுவிடுவார்கள். அன்றைக்கு அதே பூங்காவுக்குப் பகல் சீட்டும் சேர்த்து வாங்குவது வீண் செலவு. மதியம் வீட்டிலோ ஹோட்டலிலோ சாப்பிட்டுவிட்டு, பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஒரு தூக்கம் போடவைத்து, நாலு மணிக்குப் போனால் எட்டு மணி நேரம் முழுசாகக் கிடைக்கும். காலையிலிருந்து நடந்து களைத்தவர்கள் இரவு பத்து மணி வாணவேடிக்கையின்போது பெஞ்சில் தூங்குவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

விலையைச் சொன்னால் சிலர் போனை வைத்துவிடுவார்கள். 2024-ல் பெரியவர் ஒருவருக்கு இரவைப் பொறுத்து 169 டாலரிலிருந்து 219 டாலர் வரை, வரி தனி. நவம்பர் தொடக்கத்தில் குறைவு, கிறிஸ்துமஸ் நெருங்க நெருங்க ஏறும். 3 முதல் 9 வயது வரை பிள்ளைகளுக்குப் பத்து டாலர் குறைவு, மூன்று வயதுக்குக் கீழே இலவசம். ஆறு பேர் குடும்பம் என்றால் ஒரு ராத்திரிக்கு லட்ச ரூபாயைத் தொடுகிறது. வாங்கிய சீட்டைத் திருப்பிக் கொடுக்க முடியாது, மழை பெய்தாலும் பார்ட்டி நடக்கும். அதனால் "புக் பண்ணி வையுங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

தேதி விஷயம் இன்னும் முக்கியம். கிறிஸ்துமஸ் அன்று பார்ட்டி இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். டிசம்பர் 25 அன்று கிடையாது. நவம்பர் தொடக்கத்தில் ஆரம்பித்து, கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பே முடிந்துவிடும். அமெரிக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான் லீவே விடுவார்கள். ஆக, லீவு விட்ட மறுநாள் கிளம்பினால் ஒன்று கடைசி ராத்திரி விலை, அல்லது பார்ட்டியே இல்லை. பள்ளியில் இரண்டு நாள் சொல்லிக்கொண்டு முன்னால் போக முடியுமா என்று மருமகளிடம் கேட்டுவிட்டு வாருங்கள். அந்த முடிவு நம் கையிலோ மகன் கையிலோ இல்லை என்பது உங்களுக்கே தெரியும்.

அப்புறம் பிள்ளையார் நோன்பு. திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் எண்ணி, சஷ்டியும் சதயமும் கூடுகிற அன்று இழை எடுக்க வேண்டும், அதாவது மாவில் வைத்து ஏற்றிய நூல் திரியைச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். அது சில வருஷம் இந்தப் பார்ட்டி நாட்களை ஒட்டி வரும். ஒரு வருஷம் தேவகோட்டை ஐயா ஒருவருக்குப் பார்ட்டியும் நோன்பும் ஒரே நாள். சாயங்காலம் இழை எடுத்துவிட்டுத்தான் எங்கேயும் போவேன் என்றுவிட்டார். அவர் சொன்னது நியாயம். நாங்கள்தான் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். இனிமேல் நகரத்தார் வீடுகளுக்குத் தேதி போடும்போது நோன்பு நாளைக் கேட்காமல் போடுவதில்லை.

அந்த ராத்திரியில் அப்படி என்னதான் இருக்கிறது? இரண்டு வருஷம் முன்பு ஒரு குழுவோடு நானும் கூடப் போயிருந்தேன். மெயின் ஸ்ட்ரீட் என்று வாசலிலிருந்து கோட்டை வரை ஒரு கடைத்தெரு. இரண்டு பக்கமும் மாடிக் கட்டடங்கள், தோரணம், ஆள் உயரத்துக்கு மேல் பல மடங்கு உயர்ந்த கிறிஸ்துமஸ் மரம். அந்தத் தெருவில் பனி பெய்ய ஆரம்பித்தது. ஃபுளோரிடாவாவது, பனியாவது! எங்களோடு வந்த கோட்டையூர் ஆச்சி கண்டாங்கிச் சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, காலில் பேத்தியின் கேன்வாஸ் ஷூவோடு நின்றுகொண்டிருந்தார். தோளில் விழுந்த ஒரு துளியை இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்தார், முகர்ந்தார். "தம்பி, இது சோப்பு நுரையில்ல?" என்றார். ஆமாம், நுரைதான். கட்டடங்களின் மேலே மெஷின் வைத்து ஊதுகிறார்கள். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் அதற்கப்புறம் அவர் அங்கிருந்து நகரவே மாட்டேன் என்றார். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நுரையிலேயே நின்றார்.

ஊர்வலம் இரண்டு தடவை வரும். முதலாவது எட்டரை மணி வாக்கில், இரண்டாவது பதினோரு மணி வாக்கில். அந்தந்த வருஷ நேரம் மாறும், போகும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வண்டியாக வரும், மரப் பொம்மைச் சிப்பாய்கள் முழங்கால் மடங்காமல் விறைப்பாக நடந்து வருவார்கள், கடைசியில் சான்டா. நம் பக்கத்தில் சாமி புறப்பாட்டுக்கு முன்னால் கூட்டமும் கடைசியில் தேரும் வருவது மாதிரிதான். முதல் ஊர்வலத்துக்கு இடம் பிடிக்க ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். இரண்டாவதற்குள் சின்னப் பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் கிளம்பிவிடுவார்கள், ஓரமாக உட்கார்ந்தே பார்க்கலாம். எங்கள் சிபாரிசு இரண்டாவது ஊர்வலம்தான்.

வாணவேடிக்கை பத்து மணி வாக்கில் கோட்டைக்கு மேலே. அந்தக் கோட்டை 189 அடி உயரம் என்று நான் குழுவுக்கு எடுத்துச் சொன்னபோது, உடன் வந்த ஐயா ஒருவர், "ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் 236 அடிப்பா" என்றார். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

கூட்டத்துக்கு அளவு வைத்துத்தான் சீட்டு விற்கிறார்கள். அதனால் ராட்டினங்களில் பகலைவிட வரிசை குறைவு, பெரும்பாலானவை ஓடும். வேஷம் கட்டியவர்களோடு படம் எடுக்கும் இடங்களில் மட்டும் அந்தக் கணக்கு செல்லாது. ஸ்நோ ஒயிட் கதையில் வரும் ஏழு குள்ளர்களும் சேர்ந்து நிற்கும் இடத்தில் வரிசை எப்போதும் நீளம். பிள்ளை கட்டாயம் வேண்டும் என்று அழுதால் ஒழிய அங்கே போகாதீர்கள்.

பட்டை கட்டியவர்களுக்கு பிஸ்கட், சூடான கோகோ எல்லாம் பல இடங்களில் இலவசமாகக் கொடுப்பார்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும் வாங்கலாம். ஆனால் சைவக்காரர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பிஸ்கட்டில் முட்டை இருக்கலாம். கோகோவில் மிதக்கவிடும் வெள்ளைப் பஞ்சு மிட்டாய் மாதிரியான மார்ஷ்மெல்லோவில் அந்த ஊரில் பெரும்பாலும் மாட்டு, பன்றித் தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் சேர்ப்பார்கள். அது இல்லாமல் கொடுங்கள் என்று கேட்டு வாங்குங்கள். மற்றபடி வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுபோகத் தடை இல்லை என்பது நமக்குப் பெரிய நிம்மதி. புளியோதரை, தேன்குழல், சீப்பு சீடை எல்லாம் வாசலில் பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே எடுத்துப் போகலாம். கண்ணாடி பாட்டில் கூடாது, ஆகையால் ஊறுகாயைப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். செல்ஃபி குச்சிக்கும் அனுமதி இல்லை.

குளிரைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். பகலில் நம் மார்கழிப் பகல் போலத்தான் இருக்கும், ராத்திரி சில நாள் பத்து டிகிரிக்கு இறங்கிவிடும். காதை மூடக் குல்லா அவசியம். நடக்க முடியாதவர்களுக்கு வாசலுக்குப் பக்கத்திலேயே சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். கௌரவம் பார்க்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். காரில் போகிறவர்கள் நிறுத்துமிடத்திலிருந்து மோனோரயிலிலோ படகிலோ ஏரியைத் தாண்டித்தான் பூங்கா வாசலுக்குப் போக முடியும், திரும்பும்போதும் அப்படியே. ஆகவே பார்ட்டி 12 மணிக்கு முடிந்தாலும் படுக்கை சேர ஒன்றரை ஆகும்.

பெரியவர்களால் அவ்வளவு நேரம் விழித்திருக்க முடியுமா என்று பிள்ளைகள் கவலைப்படுகிறார்கள். ஊரிலிருந்து போய் இரண்டு மூன்று நாளுக்குள் என்றால் அந்தக் கவலையே வேண்டாம். அங்கே இரவு 7 மணி என்பது இங்கே விடிகாலை ஐந்தரை. மார்கழியில் ஆச்சிமார் வாசல் தெளித்துக் கோலம் போடுகிற நேரம். எங்கள் குழுவில் இரவு பதினொன்றரைக்கும் தெளிவாக உட்கார்ந்திருந்தவர்கள் காரைக்குடியிலிருந்து போனவர்கள் மட்டும்தான். அமெரிக்காவிலேயே இருக்கும் மகன்மார் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

எங்களுக்கு நஷ்டம் வருகிற இரண்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பார்ட்டி இரவுகள் முடிந்தபிறகு, கிறிஸ்துமஸ் வாரத்தில் அதே ஊர்வலத்தையும் வாணவேடிக்கையையும் சாதாரணப் பகல் சீட்டுக்காரர்களுக்கும் காட்டுகிறார்கள். கூட்டம் மட்டும் நெரியும், இலவச பிஸ்கட் இருக்காது. கூட்டம் பழகியவர்களுக்கு இது லாபம். இன்னொன்று, மகன் கலிஃபோர்னியாவில் இருந்தால் இதற்காக ஃபுளோரிடா வரை பறக்க வேண்டியதில்லை. அனஹைமில் 1955-ல் திறந்த பழைய டிஸ்னிலேண்டில் கிறிஸ்துமஸ் ஊர்வலமும் வாணவேடிக்கையும் சாதாரணச் சீட்டிலேயே அடக்கம்.

எங்கள் பக்கம் மாற்றியது இதுதான். இனிமேல் பகல் சீட்டு வெள்ளைத் தாளில், பார்ட்டிச் சீட்டு மஞ்சள் தாளில், தனித்தனியாகத் தேதியும் நேரமும் போட்டுக் கொடுப்போம். மஞ்சள் தாள் உங்கள் கையில் இல்லை என்றால் உங்களுக்குப் பார்ட்டி இல்லை. சீட்டை உங்கள் மகனே அங்கிருந்து டிஸ்னி செயலியில் வாங்கிக்கொள்வதானாலும் சரி, எங்களுக்கு வருத்தம் கிடையாது. என்ன தேதிக்கு வாங்கினார் என்பதை மட்டும் எங்களுக்குச் சொல்லிவிடுங்கள், அதை வைத்து விமான டிக்கெட்டைப் போடுகிறோம்.

டிசம்பருக்குக் கிளம்புகிறவர்கள் பாஸ்போர்ட், விசா நகல், நோன்பு நாள், பிள்ளைகளின் லீவுத் தேதி நான்கையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். கடை காலை பத்து முதல் இரவு எட்டு வரை, ஞாயிறு மதியத்தோடு சரி.

இப்படிக்கு,
உங்கள் டிராவல்ஸ் கடைக்காரர்,
செக்காலை ரோடு, காரைக்குடி