கேபிள்கார்டு போனாலும் அந்தக் கணினி இருக்கட்டும்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது கேட்டு எவ்வளவு நிம்மதி! பிசியோதெரபிக்கு மட்டும் அலுத்துக்கொள்ளாமல் போகச் சொல். என் மாமியாருக்கு நடந்தபோது, ஆரம்ப வாரங்களில் காலை மடக்கிப் பழகுவதுதான் முக்கியம் என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். இங்கே நேப்பர்வில்லில் எல்லோரும் சௌக்கியம். சின்னவள் கல்லூரிக்குப் போய்விட்டாள். வீட்டில் நானும் இவரும்தான்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். உங்கள் கேபிள் கம்பெனி இனி கேபிள்கார்டு (பூட்டி வரும் கேபிள் சேனல்களை நம் சொந்தக் கருவியில் திறக்கும் சின்ன அட்டை) கிடையாது என்று சொல்லிவிட்டது, டிவிக்குக் கீழே நிகழ்ச்சிகளைப் பதிவு செய்ய வைத்திருக்கும் பழைய கணினியைக் கழித்துக் கட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். கழிக்காதே. அதை வைத்துக்கொண்டு இன்னும் நிறையச் செய்யலாம். ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அதில் பதிவாகி இன்னும் பார்க்காமல் இருக்கும் நிகழ்ச்சிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்த்து முடித்துவிடு. கேபிள் சேனல்கள் பலவும் தங்கள் ஒளிபரப்போடு 'ஒருமுறை மட்டும் நகல்' என்ற குறியீட்டை அனுப்புகின்றன. அப்படிப் பதிவானவற்றை, பதிவு செய்யும் மென்பொருளான விண்டோஸ் மீடியா சென்டர் அந்தக் கணினியோடு சேர்த்துப் பூட்டிவிடுகிறது. கோப்பை வேறு கணினிக்கு நகலெடுக்கலாம், ஆனால் அங்கே திறக்காது. மதர்போர்டை மாற்றினால் அதே கணினியிலேயே திறக்காமல் போகக்கூடும். 'தாராளமாக நகலெடு' என்ற குறியோடு வந்தவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. உள்ளூர் சேனல்கள் பெரும்பாலும் அந்த வகைதான்.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வருத்தம், கூடவே கோபமும். கேபிள்கார்டு என்பது அந்தக் கம்பெனி நமக்குப் போட்ட பிச்சை இல்லை, வசந்தி. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் கொண்டுவந்த 629ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. கேபிள் பார்ப்பதற்கான கருவியை மக்கள் கம்பெனியிடம் வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும் என்றில்லாமல், கடையில் வாங்கிப் பயன்படுத்த வழி செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். அதிலிருந்து பிறந்ததுதான் இந்தக் கார்டு. பூட்டைத் திறக்கும் வேலை மட்டும் கார்டில், மற்றதெல்லாம் நம் கருவியில். 2007 ஜூலை 1 முதல் கேபிள் கம்பெனிகள் புதிதாகக் கொடுக்கும் சொந்தப் பெட்டிகளிலும் அதே கார்டைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று எஃப்.சி.சி. (அமெரிக்க அரசின் தகவல்தொடர்பு ஆணையம்) விதி வந்தது. நமக்குக் கொடுக்கும் கார்டு வேலை செய்யாமல் போனால் அவர்களுடைய பெட்டியும் நின்றுவிடும், அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்துக்கொள்வார்கள் என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான்.

ஆனாலும் அந்தக் கார்டை வாங்கிப் போட நாம் பட்ட பாடு! உன் வீட்டில் டெக்னீஷியன் வந்து, இது என்ன சாமான் என்பது போல ட்யூனரை (கார்டைச் செருகி, சேனலைப் பிடித்துக் கணினிக்குக் கொடுக்கும் கருவி) திருப்பித் திருப்பிப் பார்த்ததை எழுதியிருந்தாயே. இங்கேயும் அதே கதைதான். திரையில் தெரியும் நீளமான எண்களை ஃபோனில் ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். எதிர்முனையில் இருப்பவர் அவற்றைச் சரியாகப் பதிந்தால்தான் கார்டும் ட்யூனரும் ஒன்றை ஒன்று ஏற்றுக்கொள்ளும். ஓர் எண் பிசகினாலும் உள்ளூர் சேனல் தெரியும், கட்டணச் சேனல் எல்லாம் கறுப்பாக நிற்கும். சில ஊர்களில் இன்னொரு பெட்டியும் தேவைப்பட்டது. யாராவது கேட்டால் மட்டும் அந்தத் தெருவுக்குச் சேனலை அனுப்பும் முறை அங்கே இருந்தது. நம் ட்யூனருக்குக் கேட்க மட்டும்தான் தெரியும், திருப்பிப் பேசத் தெரியாது. அதற்காகப் பேசுவதற்கென்று யுஎஸ்பியில் ஒரு ட்யூனிங் அடாப்டர்.

இத்தனையையும் தாண்டி வேலை செய்ய ஆரம்பித்த பிறகு அது என்ன அருமையாக இருந்தது! ஒரே கார்டு, அதை வைத்து எச்டிஹோம்ரன் பிரைம் என்ற ட்யூனரில் ஒரே நேரத்தில் மூன்று சேனல், சீட்டான் கம்பெனியின் இன்ஃபினிடிவி 4 ட்யூனரில் நான்கு. கேபிளில் வரும் டிஜிட்டல் தரவு அப்படியே ஹார்ட் டிஸ்க்கில் போய் உட்காரும். மறுபடி சுருக்குவது, மாற்றுவது எதுவும் கிடையாது, அதனால் படத்தின் தரம் துளியும் குறையாது. மாத வாடகை கேட்கும் டிவிஆர் (நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும்) பெட்டி அறைக்கு ஒன்று வைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இதற்கெல்லாம் அடிப்படையான உரிமை 1984 ஜனவரியில் வந்தது. சோனியின் பீட்டாமேக்ஸ் என்ற வீடியோ பதிவுக் கருவி மீது யுனிவர்சல் ஸ்டூடியோவும் டிஸ்னியும் போட்ட வழக்கு. வீட்டில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்து பிறகு பார்ப்பது சட்டப்படி நியாயமான பயன்பாடுதான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 5க்கு 4 என்ற கணக்கில், ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் பிழைத்த உரிமை! குழந்தைகளுக்காகப் பொதுத் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்திய ஃப்ரெட் ராஜர்ஸ் அந்த வழக்கில் சாட்சி சொன்னார். தன் நிகழ்ச்சியைக் குடும்பங்கள் பதிவு செய்து வசதிப்பட்ட நேரத்தில் சேர்ந்து பார்த்தால் அது நல்லதுதான் என்றார். தீர்ப்பின் அடிக்குறிப்பில் அவர் பேச்சு இருக்கிறது. எப்போது படித்தாலும் எனக்கு நெஞ்சு நெகிழும். நாம் கோவையில் விடுதியில் இருந்தபோது தூர்தர்ஷனில் ஒன்றைத் தவறவிட்டால் போனது போனதுதான், நினைவிருக்கிறதா? தனக்கு ஒழிந்த நேரத்தில் பார்க்கலாம் என்பது, நாள் முழுக்க வேலை செய்கிறவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம்!

அந்தத் தீர்ப்பை யாரும் மாற்றவில்லை. சட்டம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் பதிவு செய்யும் கருவியின் சாவி கம்பெனி கையில் இருந்தால் உரிமை இருந்தும் என்ன பயன்? 2012இல், முழுக்க டிஜிட்டலாக மாறிய கேபிள் கம்பெனிகள் அடிப்படைச் சேனல்களையும் பூட்டலாம் என்று எஃப்.சி.சி. அனுமதித்தது. கம்பெனிகளின் சொந்தப் பெட்டியிலும் கார்டு வேண்டும் என்ற விதி 2015 கடைசியில் காலாவதியானது. அதே ஆண்டு வந்த விண்டோஸ் 10இல் மீடியா சென்டர் இல்லை. 2020 செப்டம்பரில் எஃப்.சி.சி. மிச்சமிருந்த கேபிள்கார்டு விதிகளையும் நீக்கியது. கடைக் கருவிகளுக்காகக் கொடுத்த கார்டுகள் சுமார் 6 லட்சம்தான், கம்பெனிகளின் சொந்தப் பெட்டிகளில் இருப்பதோ 5 கோடிக்கும் மேல், ஆகவே மக்கள் இதை விரும்பவில்லை என்று கேபிள் கம்பெனிகள் வாதாடின. அத்தனை இடைஞ்சல் கொடுத்துவிட்டு, வாங்கியவர்கள் குறைவு என்று சொல்வது அநியாயம்.

நிகழ்ச்சிகளைக் கம்பெனியே தன் கணினியில் பதிந்துவைக்கும் கிளவுட் டிவிஆர் இருக்கிறதே என்று உன் மகன் சொன்னதாக எழுதியிருந்தாய். வசதியானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பதிவு நம்முடையது இல்லை. யூடியூப் டிவியில் 9 மாதம் கழிந்தால் அழிந்துவிடும், சந்தாவை நிறுத்தினால் பார்க்க முடியாது. நம் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதை நாம்தான் அழிக்க வேண்டும்.

அப்புறம், நீ செய்ய வேண்டியது. நீ இருக்கும் நியூ ஜெர்சி எடிசனிலிருந்து, டிவி கோபுரங்கள் இருக்கும் நியூயார்க்கின் மன்ஹாட்டன் 30 மைலுக்குள்தான். காற்றில் இலவசமாக வரும் சேனல்களைப் பிடிக்கப் பரணில் ஓர் ஆன்டெனா வைத்து வடகிழக்குப் பக்கம் திருப்பு. காகிதம் மாதிரி தட்டையாக விற்பதை வாங்காதே. உங்கள் பக்கம் 7, 11, 13 ஆகிய மூன்று சேனல்களும் வி.எச்.எஃப். அலைவரிசையில் வருகின்றன. அதற்குக் கைகள் நீண்ட ஆன்டெனா வேண்டும். அம்மாவுக்குப் பிடித்த சமையல் நிகழ்ச்சி 13இல் வருவது, அதனால் இதில் சிக்கனம் பார்க்காதே. கேபிள்கார்டு ட்யூனருக்கு ஆன்டெனா ஒத்துவராது, ஆன்டெனாவுக்கான எச்டிஹோம்ரன் ஒன்று தனியாக வாங்கு. பதிவு செய்யக் கணினியில் ஜெல்லிஃபின் அல்லது மித்டிவி என்ற மென்பொருளைப் போட்டுக்கொள். இரண்டும் இலவசம். நிகழ்ச்சி நிரலுக்கு ஷெட்யூல்ஸ் டைரக்ட்டில் வருடச் சந்தா கட்டு. 2007இல் இலவச நிரல் நின்றபோது இப்படிக் கணினியில் பதிவு செய்பவர்களே சேர்ந்து தொடங்கிய லாப நோக்கமில்லாத அமைப்பு அது. விளம்பரம் வரும் இடங்களைக் கண்டுபிடிக்க காம்ஸ்கிப் என்ற மென்பொருள் இருக்கிறது. கறுப்புத் திரை, சேனல் சின்னம் மறைவது இவற்றை வைத்துக் கணிக்கும். எச்டி நிகழ்ச்சி மணிக்கு 5 முதல் 8 ஜிபி பிடிக்கும். 4 டிபி டிஸ்க் போட்டால் 500 மணி நேரம் தாங்கும்.

ஆன்டெனா ட்யூனர் வாங்கும்போது ஒன்றைக் கவனி. ஏடிஎஸ்சி 3.0 என்ற புதிய ஒளிபரப்பு முறையில் பல நிலையங்கள் இலவச ஒளிபரப்புக்கே பூட்டுப் போட ஆரம்பித்துவிட்டன. பொதுமக்களுக்குச் சொந்தமான அலைவரிசையில் வருவதற்குப் பூட்டா? இதைப் பற்றி எஃப்.சி.சி.க்கு யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம். நான் எழுதினேன், நீயும் எழுது. இப்போதைக்குப் பழைய முறை ஒளிபரப்பும் தொடர்வதால் சாதாரண ட்யூனரே போதும்.

கார்டை அவர்களிடம் திருப்பிக் கொடுக்கும்போது ரசீது வாங்கிக்கொள், இல்லாவிட்டால் மாதா மாதம் பில்லில் வந்துகொண்டே இருக்கும். ட்யூனர் வந்ததும் சொல், சனிக்கிழமை வீடியோ காலில் இருவருமாகப் போட்டுவிடலாம். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
மீனா