பிரீமியம் ஆரூடம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐம்பது பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடான நிஃப்டியை, பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசி வாங்கி விற்கும் ஒப்பந்தம்தான் நிஃப்டி ஃபியூச்சர்ஸ். அது குறியீட்டைவிடக் கூடுதல் விலையில் வர்த்தகமானால், அதைச் சந்தை ஏறப்போவதற்கான அறிகுறி என்று எழுதுவது வணிகச் செய்திகளில் வழக்கமாகிவிட்டது. உண்மையில் பிரீமியம் எனப்படும் அந்த இடைவெளியின் பெரும்பகுதி, பங்குகளை இன்றே முழுப் பணம் கொடுத்து வாங்கினால் ஆகும் வெறும் வட்டிக் கணக்கு. குறியீடு 25,000 புள்ளிகளிலும் ஆண்டு வட்டி 6 சதவீதத்திலும் இருப்பதாகக் கொண்டால், ஒரு மாதத்துக்கான வட்டி 125 புள்ளிகள். இடையில் வரவிருக்கும் ஈவுத்தொகையை அதிலிருந்து கழித்தால் எஞ்சுவதே நியாயமான பிரீமியம். அதற்கு மேல் விலை விலகும்போது, ஐம்பது பங்குகளையும் வாங்கி ஃபியூச்சர்ஸை விற்று விலை வேறுபாட்டில் லாபம் பார்க்கும் ஆர்பிட்ரேஜ் வர்த்தகர்கள் இடைவெளியை விரைவில் அடைத்துவிடுகிறார்கள். ஃபியூச்சர்ஸ் குறியீட்டுக்குக் கீழே இறங்கினால் கதை வேறு. பங்குகளைக் கடன் வாங்கி விற்கும் வசதி நம் நாட்டில் குறைவு என்பதால், அந்தத் தள்ளுபடி சற்று நீடிக்கவும் கூடும்.

குறைந்த முன்பணத்தில், ஒரே ஆர்டரில் மொத்தக் குறியீட்டையும் வாங்க முடிவதால், புதிய தகவல் பெரும்பாலும் முதலில் ஃபியூச்சர்ஸ் விலையில்தான் தெரிகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒப்பந்தம் முடியும் காலாவதி நாளில் கணக்கை முடிக்கும் தீர்வு விலை, பங்குகள் கடைசி அரை மணி நேரத்தில் கைமாறிய விலைகளின் எடையிட்ட சராசரியைக் கொண்டே நெடுங்காலமாக நிர்ணயிக்கப்பட்டு வந்திருக்கிறது. அந்த முப்பது நிமிடங்களில் சில பெரிய வங்கிப் பங்குகள் அசைந்தாலே குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஆப்ஷன் ஒப்பந்தங்களின் கணக்குகள் தலைகீழாகும். வாரந்தோறும் முடியும் ஒப்பந்தங்களை ஒவ்வொரு பங்குச் சந்தைக்கும் ஒரே குறியீடு என 2024 நவம்பரில் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி சுருக்கியதைப் பற்றி எழுதுகையில், சிறு முதலீட்டாளர்களின் நட்டத்தோடு இந்தத் தீர்வு விலை முறையையும் விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், மதுரை