பிகானேர் ஓவியர்களையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் ராஜஸ்தான் பயணக் கட்டுரையில் பிகானேருக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். ஒட்டகச் சவாரி, புஜியா என்ற கார நொறுக்குத் தீனி, ஜூனாகட் கோட்டை எல்லாம் வந்தன. அந்த ஊர் ஓவியர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ராவ் பீக்கா 1488-ல் உருவாக்கிய ஊர் அது. அக்பரின் தளபதியாக இருந்த ராஜா ராய் சிங் 1589-ல் தொடங்கி 1594-க்குள் கோட்டையைக் கட்டினார். முகலாய அவையோடு இருந்த அந்த நெருக்கத்தில் கைதேர்ந்த ஓவியர்களும் பிகானேருக்கு வந்து சேர்ந்தார்கள். உஸ்தா என்று அழைக்கப்படும் ஓவியர் குடும்பங்கள் இன்றும் அங்கே தங்கத் தாள் பதிக்கும் ஓவிய வேலை செய்கின்றன. கோட்டையின் அனூப் மஹாலை உங்கள் கட்டுரையாளர் ‘அழகிய தங்க வேலைப்பாடு’ என்று சொல்லிக் கடந்துவிட்டார். பாதல் மஹாலைச் சொல்லவே இல்லை. மழையே அபூர்வமான ஊரில் சுவர் முழுக்க நீல வானமும் சுருள் சுருளாக மேகமும் மின்னலும் தீட்டிய அறை அது!

கோட்டையைப் பார்த்த கையோடு ஊருக்குள் இருக்கும் ஓவியர்களின் சின்னக் கேலரிகளுக்கும் போக வேண்டும். கேலரி என்றதும் பெரிய கூடத்தை நினைக்க வேண்டாம். பெரும்பாலும் வீட்டின் முன்னறைதான். சுவரில் படங்கள் தொங்கும், கீழே பாயில் வேலை நடக்கும். நான் போனபோது ஒருவர் ஒட்டகத் தோல் குப்பி ஒன்றில் கொடி வரைந்துகொண்டிருந்தார். கோடு போட்டு முடித்ததும், பசையும் பொடியும் கலந்த குழம்பைத் தூரிகை நுனியில் எடுத்து ஒவ்வொரு இதழின் மேலும் வைத்தார். காய்ந்த பிறகு அதே இடத்தில் மறுபடியும். இப்படிப் பல தடவை வைத்து இதழ் மேடேறிய பிறகுதான் தங்கத் தாள் ஏறும், அப்புறம் ஓரங்களில் மெல்லிய கறுப்புக் கோடு. தஞ்சாவூர் ஓவியத்தின் புடைப்பு வேலை பார்த்துப் பழகிய நமக்கு அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே தோன்றாது.

இந்தக் கலையை நம் காலத்தில் தூக்கி நிறுத்தியவர்களில் ஒருவர் ஹிசாமுதீன் உஸ்தா. 1986-ல் பத்மஸ்ரீ பெற்றவர். பிகானேர் உஸ்தா கலைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. இத்தனை இருந்தும் நம் பயணக் கட்டுரைகளில் அது வருவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

வாங்குவது பற்றியும் சொல்லியாக வேண்டும். ஓவியர் வீட்டுக்குப் போகச் சொன்னால் ஆட்டோ ஒரு பெரிய கடை வாசலில் போய் நிற்கும், எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. அந்தக் கடையில் ஒரு சிற்றோவியத்தைக் காட்டி, 200 வருஷப் பழசு என்றார்கள். பழைய முத்திரைத் தாளில் புதிதாக வரைந்து விற்பது ராஜஸ்தான் முழுக்கச் சாதாரணம். அது தப்பில்லை, நல்ல ஓவியர்களே அப்படி வரைகிறார்கள். பழசு என்று சொல்லி விற்பதுதான் தப்பு. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஓவியம் 1972-ம் ஆண்டின் சட்டப்படி தொல்பொருள், அதை விற்கும் வியாபாரிக்கு உரிமம் வேண்டும். உரிமத்தைக் காட்டுங்கள் என்று கேட்டால் போதும், பேச்சு மாறிவிடும்.

அச்சடித்த படமா, கையால் வரைந்ததா என்ற சந்தேகம் வந்தால் பூதக்கண்ணாடி கேளுங்கள், எந்த ஓவியரிடமும் இருக்கும். அச்சு என்றால் புள்ளி புள்ளியாகத் தெரியும். கையால் வரைந்ததில் ஒரு தலைமுடியின் கோடுகூடத் தடித்து மெலிந்து ஓடும். விலை அதிகம் என்று தோன்றினால் இது எத்தனை நாள் வேலை என்று கேளுங்கள். பதிலைக் கேட்ட பிறகு பாதி விலைக்குக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. வாங்க வசதியில்லையா, சரி, உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

நேரம் இருந்தால் கங்கா அருங்காட்சியகத்துக்கும் போகலாம். பல்லு என்ற ஊரில் கிடைத்த பளிங்குச் சரஸ்வதி சிலைகள் இரண்டில் ஒன்று அங்கே இருக்கிறது, மற்றது டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு ஓர் ஓவியக் கதவின் படத்தை முழுப்பக்கத்துக்கு வெளியிட்டிருந்தீர்கள். படம் எடுத்தவர் பெயர் ஓரத்தில் இருந்தது. அந்தக் கதவு புதிது, வரைந்தவர் பெயரைக் கேட்டால் அங்கேயே சொல்லியிருப்பார்கள். அடுத்த முறை அந்தப் பெயரையும் விசாரித்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி