மணிபல்லவத்தில் தனித்து நின்றவன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கதாசிரியர்கள் ஏன் தங்கள் மாந்தரைத் தீவிலும் காட்டிலும் கொண்டுபோய் விடுகிறார்கள் என்று சென்ற வாரம் உங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். பொலிஸ், கோயில், அயலவரின் கண் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் மனிதன் எப்படி நடப்பான் என்று பார்க்கத்தான் என்கிறார் கட்டுரையாளர். சரி. ஆனால் கட்டுப்பாடு போனதும் உள்ளே இருக்கும் மிருகம்தான் வெளியே வரும் என்று முடித்திருக்கிறார். நெடுந்தீவில் பிறந்த எனக்கு அதை ஏற்க முடியவில்லை.

அவர் எடுத்துக்காட்டியது 1954இல் வந்த வில்லியம் கோல்டிங்கின் நாவலை. ஆளில்லாத் தீவில் சிக்கிய பள்ளிச் சிறுவர்கள் ஒருவரையொருவர் வேட்டையாடத் தொடங்கும் கதை. இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் இருந்தவர் கோல்டிங். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் 1965இல் பசிபிக் கடலிலுள்ள தொங்கா நாட்டுச் சிறுவர்கள் ஆறு பேர் உண்மையாகவே ஆளில்லாத் தீவு ஒன்றில் ஒதுங்கி, ஓராண்டுக்கு மேல் அங்கே இருந்தார்கள். ஒருவன் கால் முறிந்தபோது மற்றவர்கள் கம்பு வைத்துக் கட்டி, அவனுடைய வேலையையும் சேர்த்துச் செய்தார்கள். 1966இல் ஆறு பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள்.

இதற்கெல்லாம் பசிபிக் வரை போக வேண்டியதுமில்லை. மணிமேகலையில் வரும் ஆபுத்திரனை நினைத்துப் பாருங்கள். எத்தனை பேருக்கு அள்ளிக் கொடுத்தாலும் குறையாத அமுதசுரபி அவன் கையில். சாவக நாட்டில் பஞ்சம் என்று கேட்டுக் கப்பலேறுகிறான். காற்றின் கடுமையால் கப்பல் மணிபல்லவத்தில் ஒதுங்குகிறது. அவன் இறங்கி நிற்க, ஏறிவிட்டான் என்று எண்ணி இரவோடிரவாகக் கப்பல் போய்விடுகிறது. இனி அவனுக்குப் பசியே இல்லை, பாத்திரம் இருக்கிறது. ஆனால் பகிர ஆளில்லை. ஊருக்குச் சோறு போட்ட பாத்திரத்தை வைத்துத் தன் ஒரு வயிற்றை மட்டும் வளர்க்க மனம் வராமல், அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் விடுகிறான். அந்த மணிபல்லவம் எங்கள் நயினாதீவுதான் என்பவர்கள் பலர். தீவுகளுக்குப் போகக் குறிகட்டுவான் துறையில் படகேறும்போதெல்லாம் எனக்கு அவன் ஞாபகம் வரும். மணிமேகலையைப் பாடிய சாத்தனார் அவனைத் தனியே நிறுத்தியிராவிட்டால், கொடுப்பது அவனுக்கு உயிரைவிடப் பெரிது என்பது எங்களுக்குத் தெரிந்திராது.

எல்லோரும் ஆபுத்திரன் என்று நான் சொல்லவில்லை. 1990இல் போரினால் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணம் வந்தோம். பொருளாதாரத் தடை, மின்சாரம் இல்லை, குடாநாடே ஒரு தீவு. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்த எங்களிடம் பக்கத்து வீட்டு அம்மா தன் ஜாம் போத்தல் விளக்கைத் தந்துவிட்டு இருட்டில் இருந்தார். அதே ஒழுங்கையில் மண்ணெண்ணெயைப் பதுக்கிக் கொள்ளை விலைக்கு விற்றவரும் இருந்தார். இருவரும் ஒரே கிணற்றில்தான் தண்ணீர் அள்ளினார்கள். தடைக்கு முன்னர் இவர் இப்படி, அவர் அப்படி என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்த ஆண்டுகளில் இங்கே இருந்தவர்களிடம் கேட்டு வாங்கிச் சிறுகதைகளாக வெளியிடுங்கள். விளக்கைத் தந்தவரும் பதுக்கியவரும் ஒரே கதைக்குள் வரட்டும்.

இப்படிக்கு,
நெடுந்தீவைச் சேர்ந்த வாசகி,
யாழ்ப்பாணம்.