மனு எழுதும் ஐயாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

மகன் இதே பள்ளியில்தான் பத்தாம் வகுப்பு எழுதப்போகிறான். பள்ளியின் கடிதம் நேற்று கைக்கு வந்துவிட்டது. மாற்றுத்திறனாளியான அவனால் பள்ளியின் ரிசல்ட் போய்விடும், வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள் என்று வாயால் சொன்னார்கள். மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் எழுத்து ஓடாது.

முதல் நன்றி, ஆட்சியர் அலுவலக வாசலில் மேசை போட்டு மனு எழுதும் ஐயாவுக்கு. திங்கட்கிழமை குறைதீர் கூட்டம் என்றால் அவருக்குத் தண்ணீர் குடிக்கக்கூட நேரம் இருக்காது. நான் கொண்டுபோனதோ நாலு பக்கம். பிரசவ வார்டில் தொடங்கி எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். முழுக்கப் படித்தார். "வேற ஸ்கூல் பாத்துக்கங்கன்னு எழுத்துல குடுத்தாங்களாம்மா?" என்று கேட்டார். வாயால் சொன்னதுதான் என்றேன். "அப்போ கலெக்டர் மனு அப்புறம். முதல்ல ஸ்கூலுக்கு ஒரு கடுதாசி போடுவோம்."

அவர் எழுதியது அரைப் பக்கம். மகனைத் தொடர்ந்து படிக்கவைக்க முடியாது என்றால் காரணத்தை எழுத்துமூலம் தர வேண்டும். முடியும் என்றால், சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் கேட்கும் விண்ணப்பத்தை அனுப்பிவைக்க வேண்டும். அவ்வளவுதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 16, 17 என்று சிறப்பாசிரியர் குறித்துக் கொடுத்திருந்தது என் நாலாம் பக்கத்தின் அடியில் கிடந்தது. அதைத் தலைப்புக்குக் கீழேயே ஏற்றினார். "ரெண்டு காப்பி எடுங்க. ஒண்ணுல தேதியோட கையெழுத்து, சீல் வாங்கிடுங்க. வாங்க மாட்டேன்னா தபால்ல போட்டு ரசீதைப் பத்திரமா வைங்க." பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் நிமிரவே இல்லை.

அந்தக் கடிதம் போனதும் பள்ளியில் பேச்சே மாறிவிட்டது. 'ரிசல்ட் போயிடும்' என்று வாயால் சொல்லலாம். லெட்டர்பேடில் எழுத முடியாதே!

கூடுதல் நேரம், எழுதுபவர், மொழிப்பாட விலக்கு எல்லாம் 17ஆம் பிரிவிலேயே இருக்கின்றன. ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை என்கிறது 31ஆம் பிரிவு. இத்தனை இருந்தும் தலைமையாசிரியர் அறையில் கடன் கேட்க வந்தவர்கள் மாதிரித்தான் நிற்கிறோம். சட்டத்தைப் பற்றி நம்மிடம் சொல்வதற்கு யாருக்கும் தோன்றுவதில்லை. அல்லது தோன்றக் கூடாது என்று இருக்கிறார்களோ என்னவோ.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர், பிசியோதெரபி மேடம், அடையாள அட்டை முகாமில் என்னோடு நின்ற பக்கத்து வீட்டு அக்கா, மாடிப்படியில் அவன் பையைத் தூக்கும் பிள்ளைகள், மாதக் கடைசியில் வாடகை கேட்காத ஆட்டோ அண்ணன், எல்லோருக்கும் நன்றி. பள்ளிக்குள்ளேயே ஒருவர் எங்கள் பக்கம் நின்றார். யார் என்று சொன்னால் அவருக்குத்தான் தொந்தரவு.

இனி நம் பெற்றோரில் யாரையாவது பள்ளியில் தனியாகக் கூப்பிட்டால், போகும் முன் எனக்கு ஒரு போன் போடுங்கள். கூட வந்து உட்காருகிறேன், பேசக்கூட வேண்டாம், நடப்பதைக் குறித்துக்கொள்கிறேன். அந்த அரைப் பக்கக் கடிதமும் என்னிடம் இருக்கிறது. பெயரையும் வகுப்பையும் மாற்றினால் போதும். பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் போகும் முன்பே வாருங்கள். ஜெராக்ஸ் செலவு என்னுடையது.